பங்குனி மாதத்துப் பாதை

ரோடாம் ரோடு. முப்பதடி ரோடு. சுருளியம்மாள் திரையில் இருந்த அந்தச் சிவப்புக் கோட்டைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், கோடு உடைந்து சதுரம் சதுரமாகப் பிரிகிற வரைக்கும் பெரிதாக்கினாள்; அப்போதும் அது ரோடாகத்தான் இருந்தது. தின்ற புளிசோறு நெஞ்சிலேயே நின்றது. சோறு வாயில் இருக்கும்போதுதான் தம்பி மொக்கராசு போன் பண்ணினான். அவனுக்கு எப்போதுமே அடுத்தவர் வாயில் சோறு இருக்கும்போதுதான் பேச்சு வரும். "அக்கா, நம்ம வீட்டு முன்னாடி போற ரோடு வெள்ளக்காரன் காலத்து மேப்புலயே இருக்காம்ல? மனை வித்தவரு சொன்னாரு. நீ அந்த வேலதான பாக்குற, அதுல ஒரு பிரிண்டு எடுத்து அனுப்பிவிடேன். பேங்குல லோனுக்குக் கேக்குறாக." நம்ம வீடாம். இந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனையை வாங்கி, கேட்காமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, லிண்டல் வரைக்கும் சுவரை எழுப்பிவிட்டு, இப்போது நம்ம வீடு. "சரி, பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள். சரி என்று ஏன் சொன்னாள்? என்ன சரி? எது சரி? மதுரையில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஊர் உலகத்துப் பழைய வரைபடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் கோடு கோடாக இழுத்து, ஆற்றை ஆறாகவும் குளத்தைக் குளமாகவும் ஏற்றிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர் வரைபடத் தாள் கைக்கு வந்தது. சேலத்துப் பக்கம் வந்தது, ஆற்காட்டுப் பக்கம் வந்தது. இன்றைக்கென்று பார்த்து அவள் பிறந்த பள்ளத்தாக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேற்கே மலை, அதற்குக் கீழே கரடு, கரட்டுக்குக் கீழே அடிக்கரட்டுப்பட்டி, ஊருக்குக் கிழக்கே கண்மாய், மலையிலிருந்து கண்மாய் வரைக்கும் வளைந்து வளைந்து வருகிற அந்த... அந்தச் சிவப்புக் கோடு. சாயங்காலத்துக்குள் இந்தத் தாள் போயாக வேண்டும். எங்கே மனைக்கு அனுமதி கொடுக்கலாம், எங்கே சிமெண்டு ரோடு போடலாம் என்று இதை வைத்துத்தான் முடிவு பண்ணப் போகிறார்கள். அவள் ரோடு என்று இழுத்தால் அது ரோடு.

பங்குனியில் வந்திருக்கிறான் பாவி, இந்தத் தாளை அளந்து வரைந்தவன். வேறு எப்போது வருவான்? மழைக் காலத்தில் அடிவாரத்துக்கு வந்தால் காய்ச்சலில் படுத்திருப்பான். வெயில் ஏறி, வழியெல்லாம் காய்ந்து, நடக்கத் தோதாக ஆன பிறகுதான் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான். தாளின் ஓரத்தில் வருஷத்தைப் போட்டிருந்தான், மாதத்தைப் போடவில்லை. மாதம் முக்கியமில்லையா? கண்மாயைக் காய்ந்த கண்மாயாகப் போட்டிருக்கிறான், அதிலேயே தெரியவில்லையா இவன் எப்போது வந்தான் என்று? வெள்ளைக்காரன், வெள்ளைக்காரன் என்று காலையிலிருந்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு, திடீரென்று அவன் வெள்ளைக்காரனாக இருந்திருக்க மாட்டான் என்று தோன்றியது. வெள்ளைக்காரன் கூடாரத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருப்பான். வெயிலில் அளக்கிற மேஜைப் பலகையைச் சுமந்துகொண்டு கரடு கரடாக ஏறி இறங்கியவன் நம்ம ஆளாகத்தான் இருப்பான். மாதச் சம்பளக்காரன். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவன். அந்தப் பலகையையும் முக்காலியையும் தண்ணீர்ப் பானையையும் எதில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பான்? வண்டியில். வண்டி எதில் வந்திருக்கும்? அதில்தான். அந்த மணலில்தான். தன்னுடைய வண்டிச் சக்கரம் உருண்டதைத் தானே பார்த்தான், வண்டிப்பாதை என்று போட்டான், அவன் மேல் என்ன குற்றம் என்று ஒரு கணம் மனது இளகியது. இளகியதும் கோபம் இரண்டு மடங்காக வந்தது. குற்றம் இல்லையாமே! அப்படியென்றால் இந்தக் காண்டூர் என்ன? தாள் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகிற உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கிற இடத்தையெல்லாம் சேர்த்து இழுத்த கோடுகள். அவை ஒவ்வொன்றும் அந்தச் சிவப்புக் கோட்டைத் தொடுகிற இடத்தில் மலையைப் பார்த்து மூக்கை நீட்டியிருந்தன. ஒன்றல்ல, கீழேயிருந்து மேல்வரைக்கும் அத்தனையும். காண்டூர் மலைப்பக்கம் மூக்கை நீட்டினால் அங்கே தண்ணீர் நிலத்தை அறுத்திருக்கிறது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இவன் அளந்திருக்கிறான். சரியாக அளந்திருக்கிறான். பள்ளத்தைப் பள்ளமென்று பழுப்பு மையில் எழுதிவிட்டு, அதற்குள்ளேயே சிவப்பு மையில் வண்டியை விட்டிருக்கிறான். அடுத்த பதிப்பு போட்டவன் ஊருக்கே வந்திருக்க மாட்டான், அறையில் உட்கார்ந்து கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கியிருந்தான். அதற்கடுத்தவன் இன்னும் கொஞ்சம். மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால் ரோடு சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டே வந்திருந்தது.

கேட்டிருக்க மாட்டானா? கேட்டிருப்பான். அதுதான் வயிற்றெரிச்சல். ஊருக்குள் வந்து, நாலு பேரைக் கூப்பிட்டு, இது என்னய்யா என்று கேட்டிருப்பான். பாதைங்க சாமி என்று சொல்லியிருப்பார்கள். அத்தனை பேரும் சொல்லியிருப்பார்கள், ஒரே வாயாக. இன்றைக்குப் போய்க் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஏனென்றால் அடிக்கரட்டுப்பட்டியில் அது காய்ந்து கிடக்கிற மாதங்களில் அதன் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம். கூப்பிட்டால் வரும். தையில் தண்ணீர் நின்ற நாளிலிருந்து ஐப்பசியில் மறுபடி தலைத்தண்ணீர் வருகிற வரைக்கும் அது பாதை. பாதையில் போறேன், பாதையில் வண்டி நிக்குது, பாதையில் கடலைச் செடி காயுது. தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் வாய் நிறையச் சொல்லலாம், ஈச்சோடை வந்திருச்சு, ஈச்சோடை வந்திருச்சு என்று கரை நெடுகக் கத்திக்கொண்டு ஓடலாம், தடுப்பார் இல்லை. வேனிலில் மட்டும் ஓடை என்ற சொல்லே வராமல் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும். தவறிச் சொன்ன பிள்ளைகளை ஒரு பொட்டு மண்ணை எடுத்து நாக்கில் வைக்கச் சொல்வார்கள். வைத்திருக்கிறாள். அந்த மண்ணின் நெறுநெறுப்பு இப்போதும் பல்லுக்கடியில் இருக்கிறது, இந்த ஏசி அறையிலும் இருக்கிறது. நல்ல ஊர். நல்ல பயம். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கிறுக்குப் பயல், அந்தப் பலகைக்காரன் காதில் போய் மெதுவாகச் சொல்லியிருந்தால் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான், அவன் எழுதியதுதான் நூறு வருஷத்துக்கு நிற்கப் போகிறது, அவனிடம் போய்ப் பாதை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கூழ் குடித்திருக்கிறார்கள்.

"என்னம்மா, இன்னும் அங்கனயே நிக்கிய?" ஞானதிரவியம் சார் பின்னால் வந்து நின்றார். இந்தப் பிரிவுக்குப் பெரியவர், நாசரேத் பக்கத்துக்காரர், யாரையும் கடிந்து பேசாதவர், அதனாலேயே அவரிடம் கோபப்பட வழியில்லாமல் போகும். அவள் விரலை வைத்துக் காட்டினாள். இது ரோடு இல்லை சார், காண்டூரைப் பாருங்க என்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஆமாமா. உள்ள மடங்குதே. ஓடைல்லா இது." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! பங்குனி மாதம், நட்ட நடுப் பகல், ஓடை என்று ஒரு மனுஷர் சும்மா சொல்கிறார். சுருளியம்மாளுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. தூக்கிப் போட்டதற்காக உடம்பின்மேலேயே எரிச்சல் வந்தது. "ஆனா தாள்ல ரோடுன்னுதானம்மா இருக்கு? தாள்ல பிழை இருந்தா அது தாளோட பிழை. நாம திருத்துனா அது நம்ம பிழையாயிரும்." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். அந்த ஊர்க்காரங்க யாராவது ஒருத்தர்ட்ட போன்ல கேளுங்க. அங்க உள்ளவங்க ஓடைதான்னு சொன்னா மாத்திட்டு, அடியில ஒரு குறிப்புப் போட்டுருவோம். நீங்க அந்த ஊர்தான்னாலும், வரைஞ்ச ஆளே சாட்சியும் சொல்ல முடியாதுல்லா. யாரையாவது கேளுங்க." சொல்லிவிட்டு டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். யாரையாவது கேட்க வேண்டுமாம். அதே மாதம், அதே கேள்வி. அன்றைக்குப் பலகையோடு வந்தவன் கேட்டதை இன்றைக்கு இவள் கேட்க வேண்டும். பாதைதான் என்று சொல்வார்கள். அம்மாவைக் கேட்டாலும் பாதை என்றுதான் சொல்லுவாள். அம்மா அந்தப் பேரை எந்த மாதத்திலும் சொல்வதில்லை, ஐப்பசியிலும் சொல்வதில்லை, அவள் சொல்லி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

அன்றைக்கும் பங்குனிதான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அவளுக்கு ஒன்பது வயது, இடுப்பில் தம்பி, கையில் அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கு. பிள்ளை கனம் தாங்காமல் சாய்ந்த பாறையில் ஏறி நின்றுகொண்டு, பாறை சுட்டதால் கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். கீழே பாதையில் அப்பா கடலைக்கொடிப் பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. மாடு இழுக்கவில்லை. மாடு ஏன் இழுக்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள், மாட்டுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கும் தெரிந்தது. பாறை மேல் நின்றதால் அவளுக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. மலையில் எங்கோ கோடைமழை கொட்டியிருக்கிறது. பழுப்பாக, சருகும் சுள்ளியுமாக, நுரைத்துக்கொண்டு, முதலில் பாம்பு வருகிற வேகத்தில்தான் வந்தது, அப்படி ஒன்றும் அவசரமில்லாமல். சத்தம் அதற்குப் பிறகுதான். ஓடை என்று கத்த வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் ஆள் ஓடமாட்டார். தொண்டைவரைக்கும் வந்தது. பங்குனி மாசத்துல சொல்லக்கூடாது. தொண்டையிலேயே நின்றது. சொன்னால் வந்துவிடும் என்று, வந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நினைத்தாள். "அப்பா!" என்று கத்தினாள். அப்பா, அப்பா, அப்பா! அவர் நிமிர்ந்து பார்த்தார். கஞ்சி கொண்டு வந்துவிட்டாள் பிள்ளை என்று சிரித்தார். வாரேன் என்று கையைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கை. தூக்கின கையை அவர் இறக்குவதை அவள் பார்க்கவில்லை. ஒரு மாடு கண்மாய் மடையில் கிடந்தது, நுகத்தடியோடு. அவள்மேல் தப்பில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைமேல் என்ன தப்பு? நாக்கில் மண் வைத்துப் பழக்கினவர்கள்மேல் தப்பு. பழக்கினவர்களைப் பழக்கினவர்கள்மேல் தப்பு. எழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டுகூட ஒருத்தர் அந்தப் பேரைச் சொல்லவில்லை, பாதையில போயிட்டாரு, பாதையில போயிட்டாரு என்றுதான் அழுதார்கள். 

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. இடுப்பில் இருந்தவனுக்கு என்ன தெரியும், தூக்கின் மூடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வளர்ந்தபின் சொன்னாள். எத்தனையோ முறை சொன்னாள். கதை கேட்பது போலக் கேட்டுக்கொள்வான். "அதெல்லாம் அந்தக் காலம்க்கா. பத்துப் பன்னெண்டு வருசமா ஒரு சொட்டு வந்துச்சா? மேல அணை மாதிரி கட்டிட்டாக. ஊரே அங்கிட்டு மனை வாங்குது, நான் மட்டும் கரட்டுல ஏறி உக்காந்துக்கவா?" வராததால் இல்லை என்று ஆகிவிடுமா? போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான். செங்கல் சுவர், சுவருக்கு முன்னால் அவன் பெண்டாட்டி மாரித்தாய், மாரித்தாய் கையில் பிள்ளை. பிள்ளைக்கு அப்பாவின் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் சாய்ந்த பாறை. அவள் கால் மாற்றி மாற்றி நின்ற அதே பாறை. பாறை அங்கே இருந்தால் வண்டி எங்கே நின்றது? அந்த வீட்டின் கூடத்தில் நின்றது. அப்பா கையைத் தூக்கின இடத்தில் ஜன்னல் வைத்திருக்கிறான். அம்மாவைக் கேட்டாள், நீ பார்க்கவில்லையா, உனக்குத் தெரியாதா, வாயைத் திறந்து சொன்னாயா என்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  இப்போது இவள் நீலக் கோடாக இழுத்தால் என்ன ஆகும்? மனைகளுக்கு அனுமதி நின்றுபோகும். வேலை நின்றுபோகும். லிண்டலோடு அந்தச் சுவர் நிற்கும், கொஞ்ச நாளில் அதையும் இடிக்கச் சொல்வார்கள். இருந்ததையெல்லாம் அதில் போட்டவன், குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்பான். கூடப்பிறந்தவளே குடியைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசும். பேசட்டும். பேசுவதற்கு மட்டும் அந்த ஊருக்கு வாய் உண்டு. தம்பி இனி அவள் வாசலை மிதிக்க மாட்டான். பேசாவிட்டால் போகிறான். உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். ஆனால் இடுப்பில் இருந்தவன் அல்லவா, அன்றைக்கு அவனைக் கீழே போட்டுவிடாமல் அவள் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு என்ன, முதல் சம்பளத்தில் அவனுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு என்ன, அந்தச் செருப்பைப் போட்ட காலோடுதான் வானம் தோண்டப் போயிருப்பான் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. கண் நிறைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. சிவப்பா, நீலமா? மவுஸை எடுத்தாள், வைத்தாள். காண்டூர்கள் மூக்கை நீட்டிக்கொண்டே இருந்தன. ரோடு என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், சார் சொன்ன மாதிரி அது தாளின் பிழை, அவள் பிழை இல்லை. சிமெண்டு போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக வரும். மணலாவது கொஞ்சம் குடிக்கும். சிமெண்டு குடிக்காது.

போன் மறுபடி அடித்தது. ராசுதான். "என்னக்கா, எடுத்துட்டியா? மேனேசரு அஞ்சு நிமிசத்துல கெளம்புறாராம்." சுற்றிலும் கொத்தனார்கள் பேசுகிற சத்தம் கேட்டது, கரண்டி செங்கல்லில் உரசுகிற சத்தம், பிள்ளை எதற்கோ சிணுங்குகிற சத்தம். பிள்ளையை அங்கேயா வைத்திருக்கிறார்கள், அந்த மணலிலா? "ராசு, உன் வீட்டு முன்னாடி போறது என்னடா?" என்றாள். "என்னது, என்னன்னா? ரோடுக்கா." "அதுக்கு முன்னாடி?" "பாதை." "அதுக்கும் முன்னாடி?" அவன் கொத்தனாரை என்னவோ கேட்டான். "சொல்லுடா. உனக்குத் தெரியும்ல, சொல்லு." "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? பிரிண்டு இருக்கா, இல்லையா?" என்றான், குரலில் சூடேறிவிட்டது. "அங்க ஒண்ணுமே கிடையாதுங்கிறேன். எந்தக் காலத்துலயோ இருந்துச்சு, இப்ப இல்ல. வறண்டு செத்துப்போச்சு. வெறும் மண்ணு. இல்லாததைப் போட்டு என் தலையில மண்ணள்ளிப் போடாத." இல்லாதது. அவளுக்குத் தொண்டையில் அது வந்து நின்றது, முப்பது வருஷமாக நின்ற அதே இடத்தில். ஒன்பது வயதில் நின்ற சொல் அங்கிருந்து நகரவே இல்லை, அவள் படித்தது, வேலைக்கு வந்தது, ஊர் ஊராக நூறு ஆற்றையும் ஆயிரம் வாய்க்காலையும் நீலத்தில் இழுத்தது எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான். "ஓடைடா!" என்று கத்தினாள். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஓடை! ஈச்சோடை! ஈச்சோடைக்குள்ள வீடு கட்டியிருக்கடா நீ! ஈச்சோடை, ஈச்சோடை, ஈச்சோடை!"

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டது. கோபப்பட்டுக் கத்தப் போகிறான் என்று நினைத்தாள். கத்தவில்லை. வாயருகே கையைப் பொத்திக்கொண்டு பேசுகிறவனைப் போல மெல்லப் பேசினான். "அக்கா, பேரச் சொல்லாதக்கா. பங்குனி மாசம்க்கா. பிள்ள இங்க மணல்ல உக்காந்திருக்கு."  அவன் அந்தப் பக்கம் திரும்பி, மாரி, பிள்ளைய மேல தூக்கு, தூக்கு சொல்றேன், பாறை மேல ஏறு என்று அதட்டுவது கேட்டது. மறுபடி இவளிடம் வந்தான். "அங்கன மண்ணு எதும் கெடக்கா பாருக்கா. ஒரு பொட்டு எடுத்து நாக்குல வச்சிரு. வச்சிருக்கா, நல்லாருப்ப." சுருளியம்மாள் குனிந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில் வெள்ளை டைல்ஸ் பளபளவென்று கிடந்தது, மதியம்தான் துடைத்திருந்தார்கள். "மண்ணு இல்லடா இங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு மவுஸை எடுத்தாள். மலையடியில், முதல் காண்டூர் மூக்கை நீட்டுகிற இடத்தில் சொடுக்கினாள், அடுத்த மூக்கில் சொடுக்கினாள், ஒரு மூக்கு விடாமல் சொடுக்கிக்கொண்டு கீழே வந்தாள். சாய்ந்த பாறையைத் தாண்டும்போது கை நிற்கவில்லை. கண்மாயில் கொண்டுபோய் முடித்தாள். கோடு நீலமாக இருந்தது. டீத் தம்ளரோடு ஞானதிரவியம் சார் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஊர்ல யார்ட்டயும் கேட்டீயளாம்மா?" என்றார்.

"கேட்டேன் சார். ஓடைதானாம்."

"யாரு சொன்னது? குறிப்புல பேர் போடணும்லா."

"அந்த ரோட்டுல வீடு கட்டுறவரு சார்" என்றாள்.